குடியும் தற்கொலையும்: பாராடாங்கிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் பற்றியோ, மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அது நம் மலரிலேயே ஏழெட்டு முறை வந்துவிட்டது. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியபின் இன்னும் நாலு கட்டுரை வரும். ஆகவே இந்த முறை, கல்வெட்டில் இல்லாத, காவல் நிலையப் பதிவேட்டில் மட்டுமே இருக்கிற ஒரு வரலாற்றை எழுதலாம் என்று துணிந்தேன். விழா மலரில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். முப்பது வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு எனக்கும் அதே காரணம்தான் இருந்தது.

1990களின் தொடக்கத்தில் நான் பாராடாங்கில் பள்ளி ஆசிரியன். இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு பாராடாங் என்றால் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும்தான். காலையில் ஜிர்காட்டாங்கில் வரிசை கட்டி, ஜார்வா காப்பகத்தினூடே காவலுடன் வந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகேறி, நீலாம்பூர் துறையில் இறங்கி, பார்த்துவிட்டு மதியமே திரும்பிவிடுகிறார்கள். அன்று வந்து போவது அத்தனை சுலபமில்லை. ஊரிலிருந்து கடிதம் சென்னையில் கப்பலேறி, மூன்று நாள் கடலில் ஆடி, போர்ட் பிளேரில் கிடந்து, பிறகு பஸ்ஸில் வரவேண்டும். பதில் போய்ச் சேர இன்னொரு அவ்வளவு. கோபத்தில் எழுதிய கடிதத்துக்குச் சமாதானப் பதில் வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

அங்கே சாலை வேலையில் தினக்கூலி மஸ்தூராக ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். தேவகோட்டைப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் என்னை வாத்தியாரே என்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்குக் கடிதம் எழுத என்னிடம்தான் வருவார். கூலி வாங்கிய அன்று குடிக்க ஆரம்பித்தவர், பிறகு மாலைதோறும், பிறகு கை நடுக்கம் நிற்பதற்காகக் காலையிலும் என்று போய்விட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், அவர் குடித்த அந்தச் சரக்கு இந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

தீவுக்குக் குடி வந்த கதை

பாராடாங்கின் பழங்குடிகள் பூச்சிக்வார் என்ற கிரேட் அந்தமானியப் பிரிவினர். அவர்களிடம் மது காய்ச்சும் வழக்கம் கிடையாது. 1858 மார்ச்சில் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். 1863இல் ராஸ் தீவில் பாதிரியார் கார்பின் பொறுப்பில் ‘அந்தமான் இல்லம்’ தொடங்கப்பட்டது. காட்டிலிருந்து வந்தவர்களைப் பழக்கப்படுத்த உணவும் துணியும் புகையிலையும் கொடுத்தார்கள். காலப்போக்கில் சாராயமும் அபினும் அவர்களைச் சென்றடைந்தன. அவர்களை அழித்தது முக்கியமாக நோய்கள்தான்: மேகநோய், 1877இன் தட்டம்மை, இன்னபிற. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961இல் 19 பேர். எஞ்சியவர்களைப் பின்னாளில் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தினார்கள். அங்கேயும் குடி அவர்களை விட்டபாடில்லை. லிட்டில் அந்தமானில் 2008 டிசம்பரில், கரையொதுங்கிய கலனிலிருந்த திரவத்தை மது என்று நம்பிக் குடித்து எட்டு ஓங்கே ஆண்கள் இறந்தார்கள். மொத்தமே நூறு பேர் அளவிலான ஓர் இனத்தில் எட்டுப் பேர். இது தற்கொலை அல்ல, விபத்து. ஆனாலும் குடியின் தேவை எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது.

அடுத்து வந்தவர்கள் ராஞ்சிக்காரர்கள். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து உராவோன், முண்டா, கரியா மக்களைக் காட்டு வேலைக்குக் கொண்டுவந்தார்கள். பாராடாங்கில் இன்றும் அவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய ஹண்டியா அரிசியைப் புளிக்கவைத்துச் செய்வது, நம் கள் மாதிரி காரம் குறைந்தது. திருவிழாவுக்கும் சாமிக்கும் உறவுக்கும் உரியது. நானே ஒரு கல்யாணத்தில் மறுக்க முடியாமல் இலைக்கிண்ணத்தில் வாங்கியிருக்கிறேன். ஊரோடு உட்கார்ந்து குடிக்கும் அந்தக் குடியும், மரமுகாமில் தனியாள் வாங்கி ஒரே மடக்கில் குடிக்கும் காய்ச்சின சரக்கும் ஒன்றல்ல. அந்தமானில் பிந்தையதுதான் வளர்ந்தது. காரணம் எளிது. முகாம் என்பது குடும்பமில்லாத ஆண்களின் ஊர்.

நம்மவர்கள் பலவிதமாக வந்தார்கள். துறைமுக வேலைக்கும், சாலை வேலைக்கும், கடை வைக்கவும். 1964 சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 15 பேருக்குச் சற்று மேல். வங்காளி, இந்திக்கு அடுத்து நாம்தான். நம் சங்கத்தில் இந்த எண்ணைப் பெருமையோடு சொல்வோம். பின்னால் வரும் எண்களைச் சொல்ல மாட்டோம்.

இரண்டு தனித்தனி அதிகாரங்கள்

நம் இலக்கியத்தில் கள்ளும் உண்டு, தானாகத் தேடிக்கொண்ட சாவும் உண்டு. அதியமானும் அவ்வையும் கள்ளைப் பகிர்ந்துண்ட நட்பைப் புறநானூறு காட்டுகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதையும், பிசிராந்தையார் வந்து உடன் இருந்ததையும் அதே நூல் காட்டுகிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே, 93ஆவது, வைத்தார். ஆனால் இவை இரண்டும் நம் மனத்தில் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. குடி என்றால் ஒழுக்கக்கேடு. தற்கொலை என்றால் மானம், அல்லது விதி. ஒரு குடிகாரர் தற்கொலை செய்துகொண்டால் எந்த அறையில் போடுவது என்று நமக்குத் தெரியவில்லை. ‘குடிச்சுக் குடிச்சுச் செத்தான்’ என்று முடித்துவிடுகிறோம்.

நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம். சமூகவியலின் தந்தைகளில் ஒருவரான எமில் துர்கைமும் இதில் தவறினார். தற்கொலை பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1897இல் வந்தது. பிரான்சின் வரைபடங்களில் குடி மிகுந்த மாவட்டங்களையும் தற்கொலை மிகுந்த மாவட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. ஜெர்மனியில் போசன் மாகாணத்தில் சாராயம் அதிகம், தற்கொலை குறைவு. எனவே தொடர்பில்லை என்று முடிவு கட்டினார். அவர் ஒப்பிட்டது மாவட்டங்களை. ஒரு மாவட்டம் நிறையக் குடிக்கலாம். அதில் யார் குடித்தார், யார் இறந்தார் என்பது வரைபடத்தில் தெரியாது. இருந்தாலும் அவருடைய இன்னொரு கருத்து, அதாவது உறவுப் பிணைப்பு அறுந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பது, கடைசியில் குடி விஷயத்திலும் உண்மையாயிற்று. அதுதான் வேடிக்கை.

ஆளை ஆளாகப் பார்த்த ஆய்வு 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. எலி ராபின்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் ஓராண்டில் அங்கே நடந்த 134 தற்கொலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டாரிடமும் நண்பரிடமும் போய்ப் பேசினார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் குடிநோயாளி. பிறகு 1967இல் ஜார்ஜ் மர்ஃபியும் ராபின்ஸும் அந்தக் குடிநோயாளிகளை மட்டும் திரும்பப் பார்த்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. மூன்றில் ஒருவர், இறப்பதற்கு முந்தைய ஆறு வாரங்களுக்குள் மனைவியையோ நெருங்கிய ஒருவரையோ பிரிந்திருந்தார், பிரிவு அல்லது மரணம் காரணமாக. மனச்சோர்வால் இறந்த மற்றவர்களிடம் இந்தக் கெடு இவ்வளவு தெளிவாக இல்லை.

ஆறு வாரம். இதை நான் முதன்முதலில் படித்தது ஓய்வு பெற்றபின், ஒரு நூலகத்தில். படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேவகோட்டை அண்ணனின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு ஹர்ஷவர்த்தனா கப்பலில் ஏறிப் போனதற்கும் அவர் இறந்ததற்கும் இடையில் ஐந்து வாரம்.

சென்னையில் கண்டது

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை என்று சொல்ல முடியாதபடி நம் ஊரிலேயே வேலை நடந்திருக்கிறது. கணவர் 1979இல் குடிநோயால் இறந்தபின், சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, வீட்டாருக்கும் சேர்த்தே ஆலோசனை வேண்டும் என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கியவர்களில் அவர் முன்னோடி. 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் முதலானோர் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார்கள். அவரும் ராஜ்குமாரும் சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரை, உயிரோடிருந்த 100 பேரோடு ஒப்பிட்டு 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மனநோய், குடும்பத்தில் முன்பே அத்தகைய நோய், அண்மையில் நேர்ந்த பெரிய இழப்பு ஆகியவை இங்கேயும் முக்கியம் என்று அது காட்டியது. அந்த நோய்களில் குடிநோய்க்குப் பெரிய பங்கு இருந்தது. பின்னர் 2007இல் இந்திய நிலையைத் தொகுத்து எழுதியபோது, தற்கொலை செய்துகொள்ளும் ஆண்களில் நூற்றுக்கு 30 முதல் 50 பேர் வரை அந்நேரத்தில் போதையில் இருந்திருக்கிறார்கள் என்று குறிப்பிட்டார். குடிக்கும் கணவனால் சாவுக்குத் தள்ளப்பட்ட மனைவியரும் பலர் என்றும் எழுதினார். இந்தக் கடைசி வரியை நம் பெண்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குடி இரண்டு விதமாக வேலை செய்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள். போதை ஏறிய சில மணி நேரத்தில் தடுப்புச் சக்தி போய்விடுகிறது, அப்போதைய துயரம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. விடிந்தால் மாறிவிடக்கூடிய எண்ணம் விடியும்வரை காத்திருப்பதில்லை. இது எப்போதாவது குடிப்பவருக்கும் நேரலாம். மற்றது மெதுவானது. வருஷக்கணக்கில் குடிக்கும்போது தூக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது, வேலை போகிறது, கடன் ஏறுகிறது, உறவுகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கடைசியாகத் தாங்கிக்கொண்டிருந்த ஒருவரும் போகும்போது முதலாவது வந்து சேர்ந்துகொள்கிறது.

பதிவேட்டின் ஒரு கட்டம்

இப்போது நம் தீவுகளின் எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் லட்சம் பேருக்குத் தற்கொலை வீதம் இந்தியாவில் 12.4. தமிழ்நாட்டில் 25.9. புதுச்சேரியில் 29.7. அந்தமான் நிக்கோபாரில் 42.8, சிக்கிமுக்கு அடுத்தபடி. 2021இல் 39.7, 2019இல் 45.5. சிறிய மக்கள்தொகையில் எண்கள் வருஷத்துக்கு வருஷம் துள்ளும் என்பது உண்மைதான். ஆனால் இது ஒரு வருஷத் துள்ளல் இல்லை. தமிழர் வாழும் மூன்று பகுதிகள் இந்த வரிசையில் மேலே இருப்பதையும் கவனியுங்கள்.

அதே 2022 அறிக்கையில், நாடு முழுக்கக் காரணங்களைப் பார்த்தால் குடும்பப் பிரச்சினை 31.7 சதம், நோய் 18.4, போதை மற்றும் குடிப்பழக்கம் 6.8 மட்டுமே. ஆய்வாளர் சொல்லும் பங்குக்கும் இதற்கும் ஏன் இத்தனை தூரம்? ஏனென்றால் பதிவேட்டில் ஒரு சாவுக்கு ஒரு காரணம்தான் எழுதுவார்கள். குடித்ததால் சண்டை, சண்டையால் பிரிவு, பிரிவால் மேலும் குடி என்று சுற்றிவரும் வாழ்க்கையில் எந்த இடத்தில் கை வைத்தாலும் ஒரு காரணம் கிடைக்கும். வீட்டாரும் குடி என்று சொல்ல விரும்புவதில்லை. செத்தவர் பேரைக் கெடுப்பானேன் என்று. தற்கொலை முயற்சியே குற்றம் என்ற 309ஆம் பிரிவு இருந்த காலத்தில் பிழைத்தவரையும் மறைத்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தளர்த்தியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. மறைக்கும் பழக்கம் மட்டும் இருக்கிறது.

அப்படியானால் கடையை மூடினால் சரியாகிவிடுமா? மலர் படிக்கும் பெரியவர்கள் இதைத்தான் கேட்பார்கள். வரலாற்றில் பதில் பாதிதான் இருக்கிறது. டென்மார்க்கில் 1917இல், முதல் உலகப் போர்த் தட்டுப்பாட்டில் சாராய விலையைப் பத்து மடங்குக்கும் மேல் ஏற்றினார்கள். குடி சரிந்தது, குடிநோயாளிகளிடையே தற்கொலையும் குறைந்தது. சோவியத் நாட்டில் 1985இல் கொர்பச்சேவ் மதுவைக் கட்டுப்படுத்தியபின், 1984க்கும் 1988க்கும் இடையே ஆண்களின் தற்கொலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் காலத்தில் அரசியல் நம்பிக்கையும் சேர்ந்து இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்து நாடும் சிதைந்த பிறகு தற்கொலை மறுபடி ஏறியது. தமிழ்நாட்டில் ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் கடை திறந்தது, பிறகு மூடியது, பிறகு திறந்தது, 1983இல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசே. கள்ளச்சாராயம் ஒருபோதும் முழுக்க ஒழியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் டி.வி.யில் பார்த்தோம். என் கருத்து: விலையும் நேரமும் கட்டுப்பட்டால் உயிர்கள் மிஞ்சும், ஆனால் அரசு கஜானா அதே கடையை நம்பி இருக்கும்வரை எவரும் மனதாரச் செய்யமாட்டார்கள். சங்கம் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கலாம். பதில் வருவதற்குள் நம் கையில் இருப்பதைச் செய்யலாம்.

கையில் இருப்பது அந்த ஆறு வாரம்தான். வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் குடிக்கிற ஒருவரின் மனைவி ஊருக்குப் போய்விட்டாள், வேலை போய்விட்டது, அம்மா செத்துப்போனாள் என்று கேள்விப்பட்டால், அந்த மாதம் அவரைத் தனியாக விடாதீர்கள். புத்தி சொல்லப் போகாதீர்கள், சாப்பிடக் கூப்பிடுங்கள். ‘சாகலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். போதையில் சாவைப் பற்றிப் பேசினால் ‘சரக்கு பேசுது’ என்று விட்டுவிடக் கூடாது. நிதானமாக இருக்கும்போது சொன்னதைவிட அது குறைந்த ஆபத்து இல்லை. நாளும் குடித்துப் பழகியவரை இன்றோடு நிறுத்து என்று வீட்டில் அடைப்பதும் தப்பு. திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் மேற்பார்வை வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். குடிக்கும் ஆள்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, வீட்டாரும் கூப்பிடலாம். பாராடாங்கிலிருந்தும் இன்று கூப்பிட முடியும். அன்று அப்படி எதுவும் இல்லை, நான் இருந்தேன்.

மழைக்காலம். ராத்திரி எட்டு மணி இருக்கும். அண்ணன் வாசலில் நின்றார், வாடை திண்ணை வரைக்கும் வந்தது. "வாத்தியாரே, ஊருக்கு ஒரு லெட்டர் எழுதணும். இன்னைக்கே எழுதணும்" என்றார். மறுநாள் பள்ளியில் ஆய்வு, எனக்குக் கட்டுக்கட்டாக வேலை இருந்தது. "அண்ணே, இந்த நிலைமையில நீங்க சொல்றத எழுதக் கூடாது. தெளிஞ்சிட்டு காலையில வாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி, காலையில" என்று போனார். வரவில்லை. அதற்கு மறுநாள்தான் தெரிந்தது. பதிவேட்டில் ‘குடும்பத் தகராறு’ என்று எழுதியிருந்தார்கள். அதை எனக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து அவர் மனைவி பிள்ளைகளோடு கப்பலில் வந்தார், பாக்கிக் கூலிக்கும் சான்றிதழுக்கும். மனு நான்தான் எழுதினேன். எழுதி முடித்து விரலில் மை தடவி ரேகை வைத்தபின் கேட்டார்: "சார், கடைசியா உங்ககிட்ட வந்தாராமே. என்ன சொன்னாரு?"

"உங்களுக்கு லெட்டர் எழுதணும்னு வந்தார்ம்மா" என்றேன்.

"எழுதுனீங்களா?"

அவர் சொன்ன விலாசம் வரை எழுதி வைத்திருந்ததாக ஒரு பொய் சொன்னேன். அந்தத் தாளைக் கேட்டார். மழையில் நனைந்துவிட்டது என்று இன்னொரு பொய் சொன்னேன்.